பொட்டுக்கு அடியில்

கார்க் கதவின் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பள்ளத்தை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, துணி சுற்றிய நாச்சிமுத்துவின் விரல் அதற்குள் போகும், போனால் திரும்பாது. கதவைத் திறக்கிறவர்கள் விரலை நுழைத்து இழுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், நகம் கீறிய கோடுகள் அந்தக் கிண்ணத்துக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றுவிடுகின்றன, அதை எடுக்க வேண்டியவன் முட்டி போட்டு, கழுத்தை ஒடித்து, உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பானெட்டும் கூரையும் காலையிலேயே முடிந்துவிட்டன. அங்கெல்லாம் மெசின் ஓடும், மெசின் ஓடுகிற இடத்தில் எவனும் பாலிஷ் போடுவான். மெசின் போகாத இடத்தில்தான் ஒரு கடையின் லட்சணம் தெரியும் என்று அவனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறான், அப்போது அந்த இடமெல்லாம் அவன் மனைவி துளசிமணியின் இடம், அதனால் சொல்வதற்குச் சுலபமாக இருந்தது. இப்போது அவள் இல்லை. பங்குனியில் போனாள், ஆனி பிறந்துவிட்டது, இதுவரை வந்த வண்டிகளை எல்லாம் மேலோட்டமாகத் தேய்த்துத் தள்ளிவிட்டான், பூபதியின் நீல வண்டியை அப்படித் தள்ள முடியாது. பூபதி லேத் பட்டறை வைத்திருப்பவர், மயிரிழை வித்தியாசத்தைக் கண்ணாலேயே அளக்கிற ஆள், அதைவிட முக்கியம், அவள் செத்தபோது மாலையோடு வந்து மயானம் வரைக்கும் நடந்தவர். காலையில் வண்டியை விட்டுவிட்டுச் சாவியைக் கையில் கொடுக்கும்போது சொன்னார், "மக நிச்சயம் வருதுங்ணா, நல்லாப் பண்ணிக் குடுங்க. ஒண்ணே ஒண்ணு. அக்கா ஆயுத பூசைக்கு வெச்ச பொட்டெல்லாம் அப்படியே இருக்குது, அத மட்டும் அழிச்சராதீங்க. வண்டி கழுவறவங்கிட்டக்கூட அத உரசாதடான்னு சொல்லி வெச்சிருக்கறன்." சரிங்க என்றான். அவள் பேச்சு வந்தால் சரிங்க என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்க்கப் பழகியிருந்தான்.

பொட்டு விஷயத்திலும் அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. ஆயுத பூசைக்குச் சனங்கள் சந்தனத்தைக் குழைத்துப் பானெட்டின் நட்ட நடுவில் அப்புவார்கள், மேலே குங்குமம், வெயில் காய்ச்சும், அடுத்த மாதம் துடைத்தால் பெயிண்டில் வட்டமாக ஒரு தழும்பு. சாமிக்கு வைத்ததைத் துடைக்கவும் முடியாது, வண்டியைப் பார்க்கவும் முடியாது. துளசிமணிதான், பெட்ரோல் ஊற்றுகிற மூடியைத் திறந்து அதன் உள்பக்கம் ஒரே ஒரு பொட்டு வைத்து மூடிவிடலாம், சாமிக்குத் தெரிந்தால் போதாதா, ஊருக்கு வேறு தெரியணுமா என்றாள். அவள் கடையில் பூசை போட்டுப் போன வண்டி எல்லாவற்றிலும் மூடிக்குள் ஒரு பொட்டு இருக்கும். ஆனால் இந்த வண்டியில், அவன் டேப் ஒட்டிக்கொண்டே சுற்றி வந்தபோது பார்த்தான், பொட்டு வேறு இடங்களிலும் இருந்தது. இதோ இந்த ஓட்டுநர் பக்கக் கைப்பிடிப் பள்ளத்தின் ஓரத்தில் ஒன்று. பக்கக் கண்ணாடியின் காலடியில் ஒன்று. பின்னால் நம்பர் பிளேட்டுக்கு மேலே, விளக்கு ஒளிந்திருக்கும் இடுக்கில் ஒன்று. அவனுக்கு அப்போதே ஏதோ இடறியது, ஆனால் அது அவளுடைய பொட்டு என்ற நினைப்பு முந்திக்கொண்டுவிட்டதால், இடறியது எது என்று பார்க்காமல் டேப்பை ஒட்டிக்கொண்டு போனான். ஓரங்களில் எல்லாம் டேப் ஒட்ட வேண்டும். ஓரத்தில்தான் பெயிண்ட் மெலிசு, மடிப்பு திரும்புகிற இடத்தில் அது இழுபட்டுத் தோல் மாதிரி நிற்கும், கொஞ்சம் அழுத்தினாலும் மேல்பூச்சு போய், நிறம் போய், அடிப்பூச்சான சாம்பல் பிரைமர் பல்லை இளிக்கும். இடுக்கில் விரலால் தேய்க்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும், சூடு ஏறும், துணி வழுக்குவதை விட்டுப் பிடிக்க ஆரம்பிக்கும், அந்த நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். துளசிமணி எடுத்துவிடுவாள். பேசிக்கொண்டே இருப்பாள், நடுவில் கை தானாக நின்றுவிடும். "அது எப்படித் தெரியுது உனக்கு, கண்ணு" என்று அவன் கேட்டதற்கு, "தோசக்கல்லு காஞ்சுதான்னு எப்படித் தெரியுமோ அப்படித்தானுங்க" என்றாள்.

சரி, இந்தப் பொட்டை என்ன செய்வது? அழிக்காதே என்றார் பூபதி. ஆனால் பூபதிக்கு இரும்பு தெரியும், பெயிண்ட் தெரியாது. ஆயுத பூசையிலிருந்து இங்கே உட்கார்ந்திருக்கிற சந்தனம் அடியில் எதைத் தின்றுகொண்டிருக்கிறதோ, அது தெரிந்தும் விட்டுவிட்டால் துளசிமணியே காறித் துப்புவாள். எடுத்துவிட்டு, கீழே சுத்தம் செய்து, அதே இடத்தில் அதே அளவில் வைத்துவிட்டால் அவருக்குத் தெரியவா போகிறது. ஈரத்துணியை விரல் நுனியில் மடித்துப் பொட்டின் மேல் வைத்தான், ஊறட்டும் என்று. மனசு ஒரு பக்கம், இது அவள் தொட்டது, இதை எடுக்கிறாயே என்றது, இன்னொரு பக்கம், அட, வீட்டில் அவள் சீப்பில் முடியே இருக்கிறது, அதையே எடுக்காமல் வைத்திருக்கிறாய், இது ஒரு சந்தனம்தானே என்றது. பொட்டு கரையவில்லை. நகத்தால் லேசாக நெம்பியதும் முழுசாக, காய்ந்த புண்ணின் பொருக்கு மாதிரி கழன்று கையில் விழுந்தது. அடியில் மெழுகு. பொட்டுக்கு முன்னால் அந்த இடத்தில் மெழுகு தடவியிருக்கிறாள், கெட்டிக்காரி, சந்தனம் தின்னாமல் இருக்க, அதனால்தான் கழுவியும் போகவில்லை. முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது, செத்தும் வேலை கற்றுத் தருகிறாளே என்று. மெழுகைத் துடைத்தான். கைவிளக்கை அடித்தான். பள்ளத்தின் ஓரத்தில், மடிப்புத் திரும்புகிற இடத்தில், சுண்டைக்காய் அளவுக்குச் சாம்பல் தெரிந்தது.

தேய்ந்திருந்தது. மேல்பூச்சு போய், நீலம் போய், பிரைமர் வரைக்கும். நாச்சிமுத்து விளக்கை அணைத்தான், மறுபடி போட்டான். இல்லை, இது அவள் கை இல்லை. கம்பெனியிலேயே இப்படி வந்திருக்கும். கம்பெனியில் இப்படி வராது. கழுவுகிறவன் கல்லால் தேய்த்திருப்பான். கழுவுகிறவன் எப்படி மெழுகுக்கும் பொட்டுக்கும் அடியில் போய்த் தேய்த்திருப்பான்? பூபதி வேறு கடைக்குக் கொடுத்திருப்பார், பாவம், சொல்லக் கூச்சப்பட்டிருப்பார், அவன் தேய்த்துக் கெடுத்ததை இவள் பார்த்து மறைத்திருப்பாள். வண்டி வாங்கின நாளிலிருந்து இந்தக் கடையைத் தவிர வேறு எங்கும் போகவில்லை என்று அவர் சொன்னதை இவனே பத்துப் பேரிடம் சொல்லிப் பெருமையடித்திருக்கிறானே. அப்படியானால் ஒரு தடவை கை தவறியிருக்கும், யாருக்கும் தவறும், ஆயுத பூசைக்கு முந்தின நாள், வாசல் வரைக்கும் வண்டி நின்றது, சாப்பிடக்கூட நேரமில்லை. தவறினால் என்னிடம் சொல்லியிருப்பாளே. எதைத்தான் சொல்லாமல் இருந்தாள் அவள், பால்காரன் பொண்டாட்டி கோபித்துக்கொண்டு போனது வரைக்கும் சொல்லுவாள். உட்கார்ந்திருந்த கால் மரத்துப்போயிற்று, மாற்றி உட்கார்ந்தான், மரத்துப்போயிற்று என்ற சொல் அங்கேயே சிக்கிக்கொண்டது. டாக்டர் அதைத்தான் கேட்டார். "கை மரத்துப்போனது எப்ப இருந்தும்மா?" துளசிமணி அவனைப் பார்த்தாள், பிறகு டாக்டரைப் பார்த்தாள். "இப்பத்தானுங்க. ரெண்டு வாரமா." டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், வெளியே வராந்தாவில் அவனிடம் தனியாகச் சொன்னார், தலைக்குள் கட்டி, பெரிசாக இருக்கிறது, இது ரெண்டு வாரத்தில் வளர்கிற சமாசாரம் இல்லை, ஆறு மாதம் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம். அவன் டாக்டரை நம்பவில்லை. பொண்டாட்டி சொன்னதை நம்பினான். எழவுக்கு வந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு எப்படி என்று கேட்டபோதெல்லாம் அதையே சொன்னான், ரெண்டே வாரந்தானுங்க, நல்லாத்தான் இருந்தா, ரெண்டே வாரம். ஓசூரிலிருந்து வந்த மகன் கேட்டபோதும் அதைத்தான் சொன்னான். அந்த ரெண்டு வாரம்தான் ராத்திரியில் அவனைத் தூங்க விட்டது. இடி விழுந்தால் யார் என்ன செய்ய முடியும்?

ஆயுத பூசையிலிருந்து எண்ண வேண்டாம் என்று மனசைப் பிடித்து நிறுத்தினான், எண்ணாமலே அது எண்ணிவிட்டது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. மாசியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கண்ணாடியின் காலடிப் பொட்டுக்கு முன்னால் போய் நின்றான். இதற்கடியில் ஒன்றும் இருக்காது. சும்மா வைத்திருப்பாள், கை நிறையச் சந்தனம் இருந்தது, வைத்துவிட்டாள். ஒன்றும் இல்லாவிட்டால் அந்தச் சாம்பல் ஒரே ஒரு கைதவறல், ரெண்டு வாரம் ரெண்டு வாரமாகவே இருக்கும். ஈரத்துணியை வைத்தான், பொட்டு கழன்றது, மெழுகு, அடியில் சாம்பல், நீளவாக்கில், விரல் போன வழியிலேயே. பின்னால் போனான். நம்பர் பிளேட் இடுக்கில் குனிந்து பார்க்கக்கூட மனசில்லை, குனிந்தான், அங்கேயும் அதுதான், அங்கே இன்னும் பெரிசு, எவ்வளவு நேரம் ஒரே இடத்தில் தேய்த்தாளோ, துணி சூடேறி, விரல் சுட்டு, சுடுவது தெரியாமல். ஐயோ, சுடுவதே தெரியாமல். அவன் டிக்கியின் மேல் கையை ஊன்றி நின்றுகொண்டான். டீ டம்ளர் ஞாபகம் வந்தது. கொதிக்கக் கொதிக்க வந்த சில்வர் டம்ளரைத் துணி இல்லாமல் பிடித்துக்கொண்டு நின்றாள், வலது கையில், அவன் பார்த்துவிட்டு, "வேலை செஞ்சு செஞ்சு கை காய்ச்சுப் போச்சுடி உனக்கு, சூடே ஏறுறதில்ல" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். சின்ன வெங்காயம் உரித்ததாகக் கடையில் வாங்க ஆரம்பித்தாள், "மகாராணிக்கு உரிக்கக்கூட முடியலயாக்கும்" என்றான், "ஆமாங்க, மகாராணிதான்" என்றாள். படுக்கும்போது வலது கையைத் தலைக்கடியில் மடித்து வைத்துக்கொள்வாள், கேட்டால், இப்படிப் படுத்தாத்தான் தூக்கம் வருதுங்க. எல்லாம் கண் முன்னால் நடந்தது. மயிரிழைக் கீறலைக் கைவிளக்கு அடித்துக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு எதிரிலேயே நடந்தது.

ஏன் சொல்லவில்லை? இதுதான் திரும்பத் திரும்ப வந்து நின்றது. பயந்தாளா? என்னிடமா பயம்? ஒரு சொல் கடிந்து பேசியதில்லை, பேசினாலும் அவள்தான் பேசுவாள். செலவை நினைத்தாளா? மகன் இருக்கிறான், இந்த இடம் இருக்கிறது, எதை விற்றாவது பார்த்திருக்க மாட்டேனா, அது அவளுக்குத் தெரியாதா? அப்புறம் அது தானாக வந்து சேர்ந்தது, அவன் தேடாத பக்கத்திலிருந்து. கடைக்கு யார் வந்தாலும் நாற்காலி போட்டு உட்கார வைத்து அவன் சொல்லுவான், "மெசினெல்லாம் எல்லாருங்கிட்டயும் இருக்குதுங்க, எங்கூட்டுக்காரி வெரலு எவங்கிட்ட இருக்குது? இந்தக் கடையே அந்த வெரலுதானுங்க." வந்தவர்கள் அவள் கையைப் பார்ப்பார்கள். அவள் வெட்கப்பட்டு, "சும்மா இருங்க" என்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள். அந்த ஆயுத பூசைக்கு முந்தின நாளும் சொன்னான், இதே பூபதியிடம், இதே வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. அவள் அந்தப் பக்கம் இந்தப் பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டேதான் தேய்த்திருப்பாள். பெருமையாகத்தான் சொன்னான், ஆசையாகத்தான் சொன்னான், மனைவியைப் புகழ்வது ஒரு குற்றமா? ஆனால் கடையே அந்த விரல்தான் என்று புருஷன் நாலு பேர் முன்னால் சொல்லும்போது, ஏனுங்க, அந்த வெரலு செத்துப்போச்சுங்க என்று எந்தப் பொம்பளை எழுந்து வந்து சொல்லுவாள்? சொன்னால் கடை போய்விடும் என்று நினைத்தாளோ, இல்லை இவன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தாளோ. இவன் முகம் போவதைப் பார்க்க முடியாமல்தான். அப்படித்தான் இருக்கும். அப்படிப்பட்டவள்தான்.

பெட்ரோல் மூடிப் பொட்டு பாக்கி இருந்தது. அதற்கடியில் ஒன்றும் இருக்காது, அது அவனுக்குத் தெரியும், மூடிக்குள் யாரும் பாலிஷ் போடுவதில்லை. இருந்தாலும் திறந்தான். மற்ற மூன்றும் அழகான வட்டம், இது அப்படி இல்லை, இழுபட்டு, கீழ்ப்பக்கம் வால் முளைத்துக் கோணலாக இருந்தது. பார்த்ததும் அந்த நிமிஷம் அப்படியே வந்துவிட்டது. சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது, பூசணிக்காய் வாசலில் உடைந்து கிடந்தது, அவன் திரும்பினான், துளசிமணி சந்தனக் கிண்ணத்தோடு மூடியைத் திறந்து இடது கையால் பொட்டு வைக்கப் போனாள். "ஏ, எடது கையிலயா பொட்டு வெப்ப?" என்று அதட்டினான். "வலது கையில பாலிஷ் காம்பவுண்டா இருக்குதுங்க" என்றாள். "கழுவீட்டு வெய்யி." அவள் குழாயடிக்குப் போய் நிதானமாகக் கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், வந்து வலது கை மோதிர விரலால் தொட்டு வைத்தாள். வைத்த இடம் தெரியாமல் விரல் சறுக்கியிருக்கிறது. அவன் அதற்குள் அடுத்த வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்கப் போய்விட்டான். வட்டமாக இருந்த மூன்றையும் இடது கையால், அவன் பார்க்காதபோது வைத்திருக்கிறாள். அவன் பார்க்க வைத்தது இது ஒன்றுதான். நாச்சிமுத்து அந்தக் கோணல் பொட்டைத் தொடவில்லை. மூடியைச் சாத்தினான், சாத்திய மூடியின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான், வாய்விட்டு, பக்கத்து டயர் கடையில் காற்றடிக்கிற சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. சொல்லியிருக்கலாமேடி, சொல்லியிருக்கலாமே, கடையைப் பூட்டிவிட்டுப் போயிருக்க மாட்டேனா என்று அந்த இரும்பிடம் சொன்னான்.

அழுது முடிந்ததும் வேலை அப்படியே கிடந்தது. முகத்தைக் கழுவினான். மூன்று இடத்திலும் சாம்பலைச் சுத்தம் செய்து, துரு ஏறாமல் இருக்க நீல டச்-அப் பெயிண்டை மெல்லிய பிரஷ்ஷால் தொட்டு வைத்தான். இந்த நீலமும் அந்த நீலமும் ஒட்டாது, வெயிலில் பார்த்தால் தெரியும், பூபதி கண்ணுக்குக் கட்டாயம் தெரியும். சொல்லிவிடலாம். கை தவறிவிட்டதுங்க, பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று சொன்னால் அவர் கோபிக்கிற ஆள் இல்லை. எப்போது தவறியது என்று கேட்பார். யார் கை என்று கேட்பார். பிரஷ்ஷைக் கழுவிவிட்டு, பெயிண்ட் காய்கிற வரைக்கும் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தான். பிறகு மெழுகு தடவினான். அறைக்குள் அவள் படத்துக்கு முன்னால் காலையில் குழைத்த சந்தனம் கிண்ணத்தில் மிச்சம் இருந்தது, அவள் நெற்றிக்கு வைத்தது போக. அதை எடுத்து வந்தான். அவன் விரலுக்குக் கைப்பிடிப் பள்ளம் இடம் கொடுக்கவில்லை, முதல் தடவை அப்பிவிட்டது, துடைத்தான், சுண்டு விரலால் வைத்துப் பார்த்தான், சரியாக வந்தது. மேலே குங்குமம். மூன்று இடத்திலும். சிவப்பு புதுசாகத் தெரிந்ததால் துணியால் லேசாக ஒற்றி மங்க வைத்தான்.

பூபதி சாயங்காலம் வந்தார். பானெட்டில் முகம் பார்த்தார், கதவு ஓரங்களில் விரலை ஓட்டினார், கைப்பிடிக்குக் குனிந்தார். நாச்சிமுத்து டேப் துண்டுகளைப் பொறுக்குகிற மாதிரி கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொட்ட அழிக்காம வெச்சிருக்கீங்க. சந்தோசமுங்ணா."

"அவ வெச்சதுங்க. அழிப்பனுங்களா."

பூபதி சாவியை வாங்கிக்கொண்டார், வண்டியில் ஏறப் போனவர் ஏறாமல் நின்றார். "நெனச்சா மனசு ஆறமாட்டீங்குதுங்ணா. அன்னைக்கு இந்தப் பொட்டு வெக்கறப்பக்கூட என்ன சிரிப்பு சிரிச்சாங்க. கை நல்லா இருந்துது, ஆளு நல்லா இருந்தாங்க." அவர் தலையை ஆட்டினார். "ரெண்டே வாரமுங்களா?"

நாச்சிமுத்து உள்ளங்கையில் ஒட்டியிருந்த குங்குமத்தைக் கட்டை விரலால் தேய்த்தான்.

"ஆமாங்க" என்றான். "ரெண்டே வாரந்தானுங்க."